பாட்டனார் படியேறிய கடை

விழா மலர்க் குழுவினர் எம்மையும் ஒரு கட்டுரை தருமாறு பணித்தபோது, கல்லூரியின் வரலாற்றினையோ, அதனைத் தோற்றுவித்தோரின் தொண்டினையோ, தமிழ் மன்றத்தின் வளர்ச்சியினையோ நாம் எழுதுவோம் என்றே எதிர்பார்த்திருப்பர். அவற்றை எழுதத் தக்க பெரியோர் இம்மலரில் பலர் உளர். நாமோ ஒரு கடையைப் பற்றி எழுதப் புகுகின்றோம். இலக்கணமும் இலக்கியமும் கற்பிப்பவர்க்குக் கடைக் கணக்கு எதற்கு என்று வினவுவாரும் இருத்தல் கூடும். அன்னார் சற்றே பொறுத்தருள்க. இக்கல்லூரியின் பழைய மாணவன் ஒருவனும் இக்கதையில் வருவான்.

நாம் கூறும் கடை கொழும்புக் கோட்டையில், யோர்க் வீதியின் ஓரத்தே செந்நிறமாய் எழுந்து நிற்கும் காகில்ஸ் ஆகும். இன்று நம் பிள்ளைகளுக்கு அப்பெயர் சீனியும் பருப்பும் சவர்க்காரமும் வாங்குகின்ற இடத்தின் பெயர். எம் பாட்டனாருக்கு அஃது அவ்வாறன்று.

பாட்டனார் 1941 ஆம் ஆண்டில் அரசாங்க எழுதுவினைஞராகக் கொழும்புக்குச் சென்றவர். அக்காலத்து யாழ்ப்பாணத்து இளைஞர் பலரையும் போலக் கொட்டாஞ்சேனையில் ஒரு சமறியில் நால்வரோடு ஐவராகத் தங்கி, கோட்டையிலே கந்தோர் பார்த்தார். நண்பகல் உணவு வேளையிலே வெயிலுக்கு ஒதுங்கி நடப்பதற்குக் காகில்ஸ் கட்டடத்தின் முன்னுள்ள வளைவுத் தாழ்வாரம் வாய்ப்பாக இருந்தது. ஒரு நாளும் தவறாது அந்நிழலில் நடந்தார். கண்ணாடிக்கு அப்பால் அடுக்கியிருந்த பொருள்களை எல்லாம் பார்த்தார். ஆனால் உள்ளே சென்றதில்லை. ஒரு நாளல்ல, ஓர் ஆண்டல்ல, பதினோராண்டு இவ்வாறே நடந்தார். “ஆரும் மறிச்சவையோ அப்பு?” என்று சிறுவராயிருந்த காலத்தில் நாம் கேட்டதுண்டு. “ஒருத்தரும் மறிக்கேல்லை. நான்தான் மறிச்சுக்கொண்டு நிண்டனான்” என்பார்.

அவர் ஏன் அவ்வாறு நின்றார் என்பதனை உணர, அக்கடை யாருக்காக எழுந்தது என்பதனை அறிதல் வேண்டும். அதன் தொடக்கம் கொழும்பில் அன்று, கண்டியில். ஆண்டு 1844. கண்டி மலைகளிலே காடழித்துக் கோப்பி நட்டுக்கொண்டிருந்த காலம் அது. வில்லியம் மில்லர், டேவிட் சைம் காகில் என்னும் இருவர் பெயரோடு அதன் பிறப்புப் பேசப்படுகின்றது. காகில் ஸ்கொத்லாந்து நாட்டவர். மலைநாட்டுத் தோட்டங்களிலே தனித்திருந்த துரைமாருக்கு வேண்டிய உணவு, உடை, மருந்து, குடிவகை, கருவி என்பனவற்றைச் சீமையிலிருந்து தருவித்துச் சேமித்து விற்கும் பண்டசாலையாகவே அது தொடங்கிற்று. கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே புகைவண்டி ஓடத் தொடங்கியது 1867 இலேதான். அதற்கு முன்னர்க் கப்பலில் வந்த பொருள் யாவும் மாட்டு வண்டியிலேதான் மலையேறின. ஒரு போத்தல் உடையாமல் கண்டி சேர்ந்தால் அதுவே இலாபம் என்று சொல்லத்தக்க வாணிகம்!

1869 ஆம் ஆண்டில் கோப்பியிலே இலை நோய் தோன்றிச் சில ஆண்டுகளில் அப்பயிரை அழித்தது. கோப்பியை நம்பியிருந்தோர் பலர் வீழ்ந்தனர். தேயிலை வந்தது, புதிய தோட்டங்கள் எழுந்தன, கடையும் தப்பிற்று. வாங்குவோரின் பயிர் மாறினாலும் வாங்குவோர் மாறவில்லை அன்றோ? அதே 1869 இல் சுவெஸ் கால்வாய் திறந்தது. கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்பு 1885 இல் நிறைவெய்தியது. கிழக்கே செல்லும் கப்பல்கள் கொழும்பிலே தரித்தன. வாணிகத்தின் நடுவிடம் கண்டியிலிருந்து கோட்டைக்கு இறங்கியது இயல்பே. 1896 ஆம் ஆண்டிலே காகில்ஸ் ஒரு வரையறுத்த கம்பனியாகப் பதிவு பெற்றது.

நாம் மேலே சொன்ன செந்நிறக் கட்டடம் 1902 இல் தொடங்கப்பெற்று 1906 இல் முடிந்தது. காலி நகரிலே ஒல்லாந்தரின் தளபதியாயிருந்த பீற்றர் ஸ்லூய்ஸ்கன் என்பவரின் மனை இருந்த நிலம் அது. அவருக்குப் பின்னர், ஆங்கிலேயரின் முதல் தேசாதிபதியாகிய பிரெடரிக் நோர்த் அம்மனையில் வாழ்ந்தார். தளபதியும் தேசாதிபதியும் இருந்த மண்ணிலே பின்னர்ப் பிஸ்கற்றும் தொப்பியும் விற்றனர் என்பதை எண்ணும்போது எமக்குச் சிறிது நகை தோன்றுவதுண்டு. கட்டடத்தை வரைந்தவர் எட்வேட் ஸ்கின்னர். கொழும்பிலே பழைய விக்ரோறியா கண் வைத்தியசாலையினைக் கண்டவர்கள் அதே கையின் வேலையினை அங்கும் கண்டுகொள்ளலாம்.

தோட்டத் துரைமார், கப்பற் பிரயாணிகள், உயர்ந்த உத்தியோகத்தர், அவர்தம் மனைவியர் ஆகியோரே அக்கடையின் மக்கள். ஊரிலே செம்மண் ஒழுங்கையில் வெறுங்காலோடு நடந்து வளர்ந்த ஒருவருக்கு அதன் வாயிற்படி உயரமாகத் தோன்றியதில் வியப்பில்லை. பாட்டனாரின் ஆங்கிலம் எழுத்தில் நன்று, நாவில் நடுங்கும். அதுவே அவரது பெருந்தடை என்பது எம் துணிபு.

நிற்க. 1946 ஆம் ஆண்டில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. இலங்கையிலே 1928 இல் சிலோன் தியேட்டர்ஸ் என்னும் படக் கம்பனியினை நிறுவிய சிற்றம்பலம் ஏபிரகாம் கார்டினர், காகில்ஸ் கம்பனியினைத் தம் ஆளுகைக்குக் கொண்டு வந்தார். பின்னாளில் 1951 இல் ‘சேர்’ பட்டம் பெற்றவரும், கொழும்பிலே ஒரு மாவத்தைக்குப் பெயர் தந்தவரும் இவரே. படங்காட்டி வளர்ந்த ஒருவர் வெள்ளையரின் கடையை வாங்கினார் என்ற செய்தி சமறியிலே பல நாள் பேச்சாயிற்றாம். “சிற்றம்பலம் எண்ட பேர் உள்ள ஒருவற்றை கடை எண்டால் எங்கடை கடைதானே” என்று நண்பர் ஒருவர் சொன்னாராம். அதன் பின்னரும் பாட்டனார் உள்ளே செல்ல மேலும் ஆறு ஆண்டு கழிந்தது. பெயர் மாறியவுடன் படி தாழ்ந்துவிடுவதில்லை.

1952 ஆம் ஆண்டு ஒரு நாள் முற்பகல் ஊரிலிருந்து தந்தி வந்தது. ஆண் குழந்தை; தாயும் சேயும் நலம். அக்குழந்தை எம் தந்தையார். மெயில் வண்டி இரவிலே புறப்படும். வெறுங்கையோடு போவது எவ்வாறு? நண்பகலில் வழமை போலத் தாழ்வாரத்தில் நடந்தவர், அன்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே சென்றுவிட்டார். நீண்ட மரமேசைக்கு அப்பால் நின்ற விற்பனையாளர், “யெஸ் சேர்?” என்று கேட்டாராம். அதற்கு முன்னர்த் தம்மை எவரும் ‘சேர்’ என்று அழைத்ததில்லை என்று பாட்டனார் எத்தனையோ முறை கூறியிருக்கிறார். கந்தோரிலே அச்சொல்லை நாள்தோறும் நூறு முறை சொல்பவர் அவர். அதனைக் கேட்பவர் வேறொருவர். திகைத்து நின்றவர், கண்ணிற் பட்ட ஒரு பிஸ்கற் தகரத்தைச் சுட்டிக் காட்டினார். இங்கிலாந்திலிருந்து வந்த சதுரத் தகரம். மூடியிலே ஒரு நீரோடையும் பாலமும் தீட்டியிருந்தன. விலையைக் கேட்டபோது மனம் துணுக்குற்றது. ஆயினும் ‘சேர்’ என்று அழைக்கப்பட்டவர் பின்வாங்குதல் எங்ஙனம்? பணத்தைக் கொடுத்துப் பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொண்டு வெளியே வந்தார்.

பிஸ்கற் ஒரு கிழமையிலே தீர்ந்தது. தகரம் தீரவில்லை. எம் ஆச்சியார் அதனைக் கழுவி வெயிலிலே காயவைத்து, காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் அதனுள்ளே வைத்தார். காகில்ஸ் பற்றுச்சீட்டும் அவற்றோடு இருந்தது. உறுதிக்குச் சமமாக ஒரு பிஸ்கற் சீட்டா என்று ஆச்சியார் கேலி செய்வாராம். 1958 ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது பாட்டனார் அகதியாகக் கப்பலேறிக் காங்கேசன்துறைக்கு வந்தார். சமறியில் இருந்த றங்குப் பெட்டியும் புத்தகங்களும் போயின. தகரம் ஊரிலிருந்தமையால் உறுதிகள் தப்பின. சில மாதங்களின் பின் அவர் மீண்டும் கந்தோருக்குச் சென்றார். மீண்டும் அதே தாழ்வாரத்தில் நடந்தார். இளைப்பாறும்வரை மேலும் மூன்று நான்கு முறை உள்ளே சென்றதாகச் சொல்வார். அவற்றைப் பற்றிக் கதையில்லை.

பின்வந்த ஆண்டுகள் அக்கடைக்கும் இலகுவானவையல்ல. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அந்நியச் செலாவணி அருகி, இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. சீமைப் பொருளை நம்பி எழுந்த கடைக்குச் சீமைப் பொருள் இல்லையாயின் எஞ்சுவது என்ன? துரைமாரும் தோட்டங்களை விட்டுக் கப்பலேறினர். அவ்வளவில் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கடை தன் மக்களை மாற்றிக்கொண்டது. 1983 ஆம் ஆண்டில் கொழும்பு ஸ்ரேப்பிள்ஸ் வீதியிலே, வாங்குவோர் தாமே தட்டுகளிலிருந்து பொருளை எடுத்துக் கூடையில் இடும் ‘ஃபூட் சிற்றி’ என்னும் முதலாவது பல்பொருள் அங்காடியினைத் திறந்தது. மரமேசையும் அதற்கப்பால் நின்று வினவும் விற்பனையாளரும் அங்கில்லை. 1983 ஐ நாம் வேறொன்றால் நினைவு கொள்கின்றோம். கடைகள் எரிந்த ஆண்டாகவே எம்மவர் அதனை அறிவர். ஒரே நகரில், ஒரே ஆண்டில் இரண்டும் நிகழ்ந்தன. 1999 முதல் ஹங்குராங்கெத்தை முதலான இடங்களிலே கமக்காரரிடமிருந்து காய்கறியினை நேரே கொள்வனவு செய்யவும் அக்கம்பனி தொடங்கிற்று. துரைமாருக்குத் தகரத்தில் அடைத்த காய்கறி தருவித்த கடைக்கு மலைநாட்டின் கரற்றும் போஞ்சியும் பொருளாக நூற்றைம்பது ஆண்டு சென்றது!

இனி நாம் சொல்லத் தயங்கிய பகுதிக்கு வருகின்றோம்.

1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்களெல்லாம் கொட்டும் மழையிலே நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்ததை இம்மலரைப் படிப்போரிற் பலர் தாமே நடந்து அறிவர். அதனை நாம் விரித்தல் மிகை. எமக்கு அப்போது வயது பதினைந்து. தகரத்தைச் சுமக்கும் பொறுப்பு எம்மிடம் தரப்பட்டது. சட்டைக்குள்ளே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தோம். கொடிகாமத்தில் உறவினர் ஒருவரின் மாட்டுக் கொட்டிலிலே விடிந்தபின் திறந்து பார்த்தபோது உள்ளே ஒரு துளி நீரில்லை. “வெள்ளைக்காரன்ரை மூடி” என்று பாட்டனார் பெருமையோடு சொன்னார்.

சாதாரணதரப் பரீட்சைக்கு நாம் படித்துக்கொண்டிருந்த காலம். மின்சாரம் அறவேயில்லை. ஜாம் போத்தலுக்குள்ளே சிறிது பஞ்சும் சில துளி மண்ணெண்ணெயும் இட்டுத் திரி கொளுத்திப் படித்த தலைமுறை நாம். மண்ணெண்ணெய் பொன்னிலும் அரிது. இரண்டு கிழமை இருட்டிலே இருந்தபின், மூன்றாங் கிழமை ஒரு நாள், உறுதிகளையும் சீட்டையும் எடுத்து ஒரு பொலித்தீன் பையிலே சுற்றி வைத்துவிட்டு, தகரத்தைச் சந்தைக்குக் கொண்டு சென்றோம். நீர் புகாத தகரத்துக்கு மழைக் காலத்திலே மதிப்பிருந்தது. மூன்று போத்தல் மண்ணெண்ணெய் கிடைத்தது. எவரிடமும் கேட்கவில்லை.

அன்றிரவு விளக்கு எரிந்தது. பாட்டனார் விளக்கைப் பார்த்தார், கூரையிலே செருகியிருந்த பொலித்தீன் பையைப் பார்த்தார், எம்மைப் பார்த்தார். ஆச்சியாரே ஏசினார். பாட்டனார் நெடுநேரம் கழித்து, “எத்தினை போத்தல்?” என்று கேட்டார். சொன்னோம். “நான் குடுத்த விலையிலும் பாக்க நல்ல விலைதான்” என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். 1996 இல் ஊர் திரும்பினோம். கூரையற்ற வீட்டுக்கு உறுதி இருந்தது. 1998 இல் அவர் காலமானார். தகரத்தைப் பற்றி அவர் மீண்டும் பேசியதேயில்லை. நாமும் மன்னிப்புக் கேட்கவில்லை. பரீட்சையிலே தமிழுக்கு விசேட சித்தி கிடைத்தது. இன்று நாம் உண்ணும் சோறு அம்மூன்று போத்தலிலிருந்து வந்ததே.

பல ஆண்டு கழித்து, டேவிட் சைம் காகிலைப் பற்றிப் படித்தபோது ஒரு செய்தி எம்மைத் திடுக்குறச் செய்தது. இலங்கையிலே கடை நடத்திய அவர் 1886 ஆம் ஆண்டில் பர்மா எண்ணெய்க் கம்பனியினை நிறுவியவருமாவார். அக்கம்பனி பர்மாவிலே எண்ணெய் எடுத்து இந்திய நாட்டின் வீடுகளுக்கு விளக்கெரிக்க விற்றது மண்ணெண்ணெயே. பின்னர் 1909 இல் பாரசீக எண்ணெய்க் கம்பனி தோன்றியதும் அதன் முதலிலிருந்துதான். அதுவே இன்றைய பீ.பீ. கம்பனியின் மூலம். காகிலின் கடைத் தகரத்தைக் கொடுத்து நாம் பெற்றது அவரது மற்றை வாணிகத்தின் பொருளை! பாட்டனார் இருந்திருப்பின் இதனைக் கேட்டுச் சிரித்திருப்பார் என்று எம்மை நாமே தேற்றிக்கொள்வதுண்டு.

2002 இல் கண்டி வீதி திறந்தது. மறு ஆண்டு, ஆசிரிய பயிற்சிக் காலத்தில், தோழர் சிலருடன் முதன்முறையாகக் கொழும்பு சென்றோம். கோட்டையிலே காவலரண்களும் சோதனைகளும் நிறைந்திருந்தன. 1996 சனவரியில் மத்திய வங்கியிலே குண்டு வெடித்த பின்னர் அப்பகுதி பழைய கலகலப்பை இழந்திருந்தது. அடையாள அட்டையைக் காட்டிக் காட்டி யோர்க் வீதியை அடைந்தோம். தாழ்வாரம் பாட்டனார் சொன்னவாறே குளிர்ந்திருந்தது. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்து, திரும்பவும் நடந்தோம். தோழர்கள் உள்ளே சென்று குளிர்பானம் வாங்கினர். நாம் செல்லவில்லை. காரணம் கேட்டனர், கால் வலிக்கின்றது என்றோம்.

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி வீதியில் காகில்ஸ் சதுக்கம் திறந்தது 2013 இல். நகரும் படிக்கட்டும் படமாளிகையும் காண ஊர்ப்புறங்களிலிருந்தும் சனம் வந்தது. படங்காட்டி வளர்ந்தவரின் கடை யாழ்ப்பாணத்துக்கு வரும்போது படத்தையும் உடன் கொண்டு வந்தது பொருத்தமே. சந்தைக்குச் செல்வோர் சந்தைக்கே சென்றனர். சிலர் இரண்டிடமும் சென்றனர். கத்தரிக்காய் திருநெல்வேலிச் சந்தையிலேதான் வாங்கல் வேண்டும் என்னும் கொள்கையினை எம் மனையாள் இன்றளவும் விட்டுக்கொடுத்திலர்.

சில ஆண்டுகளின் முன் ஒரு மாலை, சவர்க்காரம் வாங்க அங்கே சென்றோம். பணம் செலுத்தும் இடங்களில் ஒன்றிலே எம் மாணவன் ஒருவன் சீருடையோடு அமர்ந்திருந்தான். உயர்தர வகுப்பிலே செய்யுளை அவன்போற் பிரித்துப் பொருள் சொல்ல வல்லார் அவ்வாண்டில் வேறெவருமில்லை. பல்கலைக்கழக அனுமதி சிறிய புள்ளி வேறுபாட்டினாலே தவறிற்று என அறிந்திருந்தோம். அவன் எம்மைக் கண்டு நாணுவானே என்று எண்ணி, அவன் இருந்த வரிசையை விட்டு, ஆள் நிறைந்த மற்றை வரிசையிலே போய் நின்றோம். நாணியது யார் என்பதை அப்போது ஆராயவில்லை.

“சேர்! இஞ்சாலை வாங்கோ, இது வெறுமையாக் கிடக்கு” என்று அவன் எழுந்து நின்றே அழைத்தான்.

சென்றோம். சவர்க்காரத்தைக் கருவியிலே காட்டிக்கொண்டே பேசினான். வேலைக்குச் சேர்ந்த புதிதிலே பயிற்சி நடந்ததாம். கம்பனி எந்த ஆண்டு தொடங்கியது என்று வினவினார்களாம். “ஆயிரத்து எண்ணூற்று நாப்பத்து நாலு எண்டன் சேர். நீங்கள் வகுப்பிலை சொன்ன கதைதானே. அந்தத் தகரக் கதையையும் சொன்னன். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தவை.”

“மண்ணெண்ணெய்க்கு வித்ததையும் சொன்னனியோ?”

“அதைத்தான் சேர் கனக்க ரசிச்சவை.”

எமக்குப் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. மிகுதிப் பணத்தையும் சீட்டையும் தந்தான். பாட்டனாரின் பழைய சீட்டு இன்றும் எம்மிடம் உளது. கையெழுத்து மங்கி, அச்சிட்ட பெயர் மாத்திரம் எஞ்சியுள்ளது. ஒரு நாள் கொண்டுவந்து காட்டுவதாகச் சொன்னோம். பிஸ்கற் தட்டுப் பக்கம் எம் கண் சென்றதை அவன் கவனித்திருத்தல் வேண்டும்.

“இப்ப எல்லாம் பக்கற்றுத்தான் சேர். தகரத்திலை வாறது நத்தார் நேரத்திலைதான். வந்தால் ஒண்டு எடுத்து வைக்கிறன்.”

எமது தொலைபேசி இலக்கத்தை அவனிடம் கொடுத்துவிட்டு வந்தோம்.